குழந்தையின் கதைக்கு ‘உம்’ கொட்டுவோம்

செகந்திராபாத்தின் மாரெட்பள்ளியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1806ஆம் ஆண்டில் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் இந்நகர் அமைந்தபின் சென்னைப் படையினரோடு வந்தவர் சிலர். வாணிகத்தை நாடி வந்தவர் சிலர். 1966இல் தென் மத்திய ரயில்வேயின் தலைமையிடம் இங்கு ஏற்பட்டபின் அலுவல் நிமித்தம் வந்தவர் பலர். மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணி நம்மையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. எங்கிருந்து வந்தவராயினும், இங்குள்ள தமிழர் அனைவருடைய பேச்சிலும் ஓயாமல் வரும் சொல் ஒன்று உண்டு. அதுதான் ‘ஊர்’. விடுமுறைக்கு ஊருக்குப் போவது, திருமணத்துக்கு ஊருக்குப் போவது, ஊரிலிருந்து பாட்டி வருவது என்று நம் வாழ்க்கையின் பாதி அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. அந்த எளிய சொல் ஒரு குழந்தையின் உள்ளத்தில் எத்தகைய அச்சத்தை விளைத்தது என்பதையும், அக்குழந்தை தானே கட்டிய கதை எவ்வாறு அதற்குத் துணை நின்றது என்பதையும் முன்வைத்து, துயருற்ற குழந்தைகளைப் பற்றிச் சில செய்திகளை இங்கே ஆராய்வோம்.

நாம் குடியிருக்கும் அடுக்கு வீடுகளில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய தந்தை ரயில்வேயில் கணக்கெழுதும் பணியில் இருந்தவர். ஒரு பங்குனி மாதத்தில், கும்பகோணத்துக்கு அருகே உள்ள தம் ஊருக்குத் தாயாரைப் பார்த்துவரப் புறப்பட்டார். மகள் நிலையத்துக்குச் சென்று, இரவு ரயில் நகரும்வரையில் நின்று கையசைத்து வழியனுப்பினாள். ஊர் சேர்ந்த மூன்றாம் நாள் அவர் மாரடைப்பால் இறந்துவிட்டார். செய்தி கேட்டுத் தாய் விரைந்து சென்றார். தேர்வு நடந்துகொண்டிருந்தமையால் குழந்தையை அண்டை வீட்டில் விட்டுச் சென்றார். பதினாறாம் நாள் சடங்கு முடிந்து அவர் திரும்பியபோது பாட்டியும் உடன் வந்தார். ஒரு மாதம் இருந்துவிட்டுத் தம் ஊருக்குத் திரும்பினார். “அப்பா எங்கே?” என்று குழந்தை கேட்டபோதெல்லாம் பெரியவர்கள் சொன்ன விடை ஒன்றே: “அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், வர நாளாகும்.”

பள்ளி திறந்தது. காலையில் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோ வரும் நேரத்தில் குழந்தைக்கு நாள்தோறும் வயிற்றுவலி. மருத்துவர் சோதித்துப் பார்த்து, வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார். தாய் காய்கறி வாங்கச் சென்றாலும் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, “நீயும் ஊருக்குப் போறியா அம்மா?” என்று கேட்பாள். பாட்டி ஊருக்குத் திரும்பிய நாளில் அவள் அழுத அழுகையை நம் குடியிருப்பில் எவரும் மறக்கவில்லை. இரவில் தொலைவிலே ரயிலின் கூவல் கேட்டால் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

மாலை வேளைகளில் அவள் மாடிப்படியில் அமர்ந்து சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினாள். அக்கதையில் அவளுடைய அப்பா ரயில் ஓட்டுகிறவர். ஊரிலிருந்து அவளிடம் வருவதற்காகத் தாமே வண்டியை ஓட்டிக்கொண்டு புறப்படுகிறார். கூடூரில் ஆற்று வெள்ளம் பாலத்தை மறைக்கிறது, அதைக் கடக்கிறார். விஜயவாடாவில் குரங்குகள் விளக்கைத் திருடிவிடுகின்றன, அதையும் வெல்கிறார். காசிப்பேட்டை வந்ததும் சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி நின்றுவிடுகிறது. மறுநாள் மாலை கதை மீண்டும் ஊரிலிருந்தே தொடங்கும். மீண்டும் காசிப்பேட்டையிலே நின்றுபோகும். இவ்வாறு பல வாரங்கள் சென்றன.

இதைக் கேட்ட பெரியோர் இரு வகையாகப் பேசினர். “இந்த வயதிலேயே இப்படிப் பொய் சொல்லுகிறாளே, கண்டிக்க வேண்டாமா?” என்றனர் சிலர். “குழந்தைதானே, நாலு மாதத்தில் தானே மறந்துவிடும்” என்றனர் வேறு சிலர். இவ்விரண்டு கருத்தும் பொருந்தா என்பதே நாம் சொல்லக் கருதுவது.

சாவு என்பதைக் குழந்தைகள் எவ்வாறு அறிகின்றனர்? அங்கேரி நாட்டு உளநூலார் மரியா நாகி என்னும் அம்மையார், புடாபெஸ்டு நகரில் மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள 378 சிறாரிடம் இதனை ஆராய்ந்து, முடிவுகளை 1948இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்டோர் பலர் சாவை ஒரு பயணம் போலவும் உறக்கம் போலவும் கருதினர். போனவர் வருவார், உறங்கியவர் விழிப்பார் என்பது அவர்கள் எண்ணம். அதற்கு மேற்பட்ட வயதினர் சாவை ஓர் ஆளாக உருவகித்துக்கொண்டு, அந்த ஆளுக்குத் தப்பி ஒளியலாம் என எண்ணினர். ஏறக்குறைய ஒன்பது வயதுக்குப் பின்னரே சாவு எவருக்கும் உரியது, மீளாதது என்ற தெளிவு காணப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள், இத்தெளிவு பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதிற்குள்ளேயே அரும்பத் தொடங்குகிறது என்கின்றனர். எனவே ஏழு வயதுக் குழந்தை ஒன்றும் அறியாதது அன்று. பாதி அறிந்து பாதி அறியாமல் நிற்கிறது. அந்தப் பாதி அறிவே அதனைப் பெரிதும் அச்சுறுத்துகிறது.

இந்நிலையில் நாம் வழங்கும் சொற்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாவைச் சாவு என்று சொல்லக் கூசி, நம் முன்னோர் மங்கல வழக்காகப் பல சொற்களை அமைத்தனர். ‘காலமானார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘தவறிவிட்டார்’ என்கிறோம். வளர்ந்தவர்களுக்கு இவை மரியாதைச் சொற்கள். குழந்தையோ சொல்லைச் சொல்லாகவே கொள்ளும். தவறிப்போன பொருளைத் தேடினால் கிடைக்கும் என்பது அதன் அனுபவம். ‘சாமி அழைத்துக்கொண்டார்’ என்று கேட்ட குழந்தை பூசையறையைக் கண்டு நடுங்கலாம். ‘தூங்கிவிட்டார்’ என்று கேட்ட குழந்தை தான் உறங்க அஞ்சலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு சொல் வேறொரு செவியில் வேறொரு பொருளாய்ச் சென்று விழுவது புதிதன்று. ஆயினும் ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்ற சொல் இவ்வளவு தூரம் செல்லும் என்று நாமும் எண்ணவில்லை. அப்பா ஊருக்குப் போனார், வரவில்லை. பாட்டியும் ஊருக்குப் போனார். இனி அம்மாவும் போய்விட்டால்? வயிற்றுவலியின் வேர் அந்தக் கேள்வியில் இருந்தது.

துயருற்ற பெரியவர்களுக்கு நம் சமுதாயம் பல வழிகளை வகுத்து வைத்திருக்கிறது. ஒப்பாரி உண்டு, உறவினர் கூடி அழுவதுண்டு, நாள் எண்ணிச் செய்யும் சடங்குகள் உண்டு. சொல்லொணாத துயரைச் சொல்லில் அமைத்து வெளியிட அவை உதவுகின்றன. குழந்தைக்கோ ஒப்பாரி தெரியாது. சடங்கு நடக்கும் இடத்திலிருந்து அதனை விலக்கி வைக்கிறோம். அது சிறிது நேரம் அழும். அடுத்த கணம் விளையாடப் போய்விடும். ‘இதற்குத் துயரமே இல்லை’ என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். உண்மையில் குழந்தையால் துயரை நெடுநேரம் தாங்கியிருக்க இயலாது. ஆகவே இறக்கி வைத்தும் எடுத்துச் சுமந்தும் செல்கிறது. விளையாட்டும் கதையுமே அதன் ஒப்பாரி.

கதையில் ஒரு வசதி இருக்கிறது. வாழ்க்கையில் நடந்ததைக் குழந்தையால் மாற்ற இயலாது. கதையில் வெள்ளத்தை வடியச் செய்யலாம், வண்டியை நிறுத்தலாம், அஞ்சத்தக்க இடம் வந்ததும் ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று எழுந்துவிடலாம். அச்சம் என்பது பெரும்பாலும் கையாலாகாமையின் மறுபெயர். கதை சொல்லும் பொழுதேனும் அது கைக்குள் அடங்கும் பொருளாகிறது.

ஆயினும் கதை எந்நேரமும் குணமளிக்கும் என்று எண்ணுதலும் கூடாது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் மாநகரில் அன்னா பிராய்டு, டாரதி பர்லிங்காம் என்னும் இரு அம்மையார், போரினால் வீடிழந்த குழந்தைகளுக்காகக் காப்பகங்கள் நடத்தினர். அங்கிருந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுடைய தந்தை விமானக் குண்டுவீச்சில் மாண்டார். தாய் மருத்துவமனையில் இருந்தார். அவன் தந்தையின் சாவை ஒப்புக்கொள்ளவே இல்லை. காகிதத்தால் வீடுகள் செய்து, கோலிக் குண்டுகளை அவற்றின்மேல் போடுவான். அவனது ஆட்டத்தில் மக்கள் அனைவரும் உரிய நேரத்தில் தப்பிவிடுவர்; வீடுகள் மறுபடி எழும். அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினான். பல மாதங்களுக்குப் பின், தந்தை கொல்லப்பட்டார், இனி வரமாட்டார் என்று அவனே தன் வாயால் சொல்லும் நாள் வந்தது. அதன்பின்னரே அந்த ஓயாத ஆட்டம் நின்றது.

இச்செய்தியை 1943இல் வெளிவந்த தம் நூலில் அவ்விருவரும் குறித்தனர். அதில் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. குழந்தையின் கதை நாளுக்கு நாள் மாறி, புதிய ஆட்களும் புதிய வழிகளும் அதில் தோன்றுமானால், துயர் கரைந்து வருகிறது எனக் கொள்ளலாம். ஒரே கதை ஒரே இடத்தில் முட்டி நிற்குமானால், அங்கே சொல்லப்படாத உண்மை ஒன்று வழிமறிக்கிறது எனக் கொள்ளலாம். காசிப்பேட்டையில் எரிந்த சிவப்பு விளக்கு எதுவென்று இப்போது நேயர்களுக்கு விளங்கியிருக்கும்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1902ஆம் ஆண்டு நவம்பரில் கவியரசர் இரவீந்திரநாத தாகூரின் மனைவியார் மிருணாளினி தேவி காலமானார். கடைக்குட்டி சமீந்திரநாதனுக்கு அப்போது ஆறு வயது நிறையவில்லை. மகள் ரேணுகா காச நோயுற்றாள். அவளை அல்மோராவின் மலைக்காற்றுக்கு அழைத்துச் சென்ற கவிஞர், தாயற்ற குழந்தைகளை நினைந்து அங்கே எழுதிய பாடல்களே ‘சிசு’ என்னும் தொகுப்பில் பெரும்பகுதி. அதில் ஒரு பாடலில் சிறுவன் குதிரையேறி வாளேந்தி, பல்லக்கில் செல்லும் தன் தாயைக் கொள்ளையரிடமிருந்து காக்கிறான். தாயைக் காக்க இயலாத குழந்தைக்குக் கற்பனையில் அந்த வீரம் கிட்டுகிறது. ரேணுகா 1903இலும் சமீந்திரன் 1907இலும் மறைந்தனர். அதன்பின் எழுதி 1912இல் வெளியான ‘அஞ்சலகம்’ என்னும் நாடகத்தில், தாய் தந்தையரை இழந்து நோயுற்ற அமல் என்னும் சிறுவன், பலகணியருகே அமர்ந்து தயிர்க்காரனுடனும் பூக்காரச் சிறுமியுடனும் பேசிப் பேசி, தான் காணாத உலகத்தைக் கற்பனையில் கட்டுகிறான். அரசரிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்நாடகம் போலந்தில் அரங்கேறியது. வார்சா நகரில் யூதர்களை நாசிகள் அடைத்து வைத்திருந்த பகுதியில், மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் அநாதைச் சிறார் இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். 1942 ஜூலை 18ஆம் நாள் அவ்வில்லத்துக் குழந்தைகள் இந்நாடகத்தை நடித்தனர். வரப்போவதை அமைதியோடு ஏற்கக் குழந்தைகள் பழக வேண்டும் என்பதே அவர் கருத்தென்பர். மூன்று வாரங்களுக்குள் அவரும் ஏறக்குறைய இருநூறு குழந்தைகளும் திரெப்ளிங்காக் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கதை அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆயினும் எஞ்சிய நாள்களில் அச்சத்தைத் தவிர வேறொன்றும் நினைக்க அவர்களுக்கு இருந்தது.

தமிழ் வழங்கும் மண்ணிலேயே இத்தகைய முயற்சி நடந்துள்ளது. இலங்கையில் போர் நிகழ்ந்த காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பெற்றது. கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் அதற்கு வழிகாட்டினர். தமிழ்ச் சிறாரும் முஸ்லிம் சிறாரும் அங்கே ஒன்றுகூடிக் களிமண்ணால் உருவங்கள் செய்தனர், ஓவியம் தீட்டினர், கதை புனைந்து நடித்தனர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபின், இலங்கையின் வடகிழக்கில் எட்டு முதல் பதினான்கு வயதுள்ள 31 சிறாரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் தம் வாழ்க்கையையே கதையாகச் சொன்னார்கள். கயிறு ஒன்றை நீள விரித்து, நல்ல நாளுக்குப் பூவும் தீய நாளுக்குக் கல்லும் வைத்துச் சொல்வது அம்முறை. மற்றப் பிரிவினருக்குத் தியானமும் உடல் தளர்த்தலும் கற்பிக்கப்பட்டன. ஆறே அமர்வுகள், நடத்தியவர் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். 2009இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரில் பெரும்பாலோரும் தேறினர். கதை ஒன்றுதான் மருந்து என்பதன்று. அன்புள்ள ஒருவர் அருகிருந்து முறையாகச் செய்விக்கும் எதுவும் பயன் தரலாம் என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

மீண்டும் மாரெட்பள்ளிக்கு வருவோம். குழந்தை மருத்துவர் ஒருவரின் யோசனையின்பேரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாய் மகளை மடியில் அமர்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னார்: “அப்பா செத்துப் போயிட்டார் கண்ணு. அவரோட இருதயம் நின்னு போச்சு. இனிமே அவர் வரமாட்டார். நீ செஞ்ச எதனாலும் இது நடக்கலை. அம்மா கடைக்குப் போனா திரும்பி வருவேன்.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் இருமுறை நிறுத்த வேண்டியிருந்தது என்று பின்னர் நம் வீட்டாரிடம் கூறினார். குழந்தை அழவில்லை, “அப்பாவுக்கு வலிச்சுதா?” என்று மட்டும் கேட்டது. அன்றிரவுதான் அழுதது.

அதன்பின் சில நாள்கள் மாடிப்படியில் கதை நடக்கவில்லை. பிள்ளைகளும் கலைந்துவிட்டனர். மறுபடி அவள் சொல்லத் தொடங்கியபோது கேட்க இருந்தவர் ஒருவரே. கீழ்வீட்டில் வசிக்கும் தெலுங்கு மூதாட்டி அவர், குழந்தைகளுக்கெல்லாம் அம்மம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் நம்மைப்போலவே தெலுங்கு மக்களும் கதை கேட்கையில் ‘ஊ’ கொட்டுவதுண்டு. பாக்கு இடித்துக்கொண்டே அம்மையார் ‘ஊ’ கொட்டினார். சிறுமி தமிழும் தெலுங்கும் கலந்து சொல்லிக்கொண்டே போனாள். ஒரு மாலை நாம் அலுவலகத்திலிருந்து திரும்பிப் படியேறுகையில் கதை காசிப்பேட்டையைக் கடந்திருந்தது. வண்டி செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் அப்பா இல்லை. இருக்கையின்மேல் அவருடைய குடை மட்டும் இருந்தது. “அப்புறம்?” என்று நாம் கேட்டோம். “குடையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன் மாமா” என்றாள்.

வயிற்றுவலி ஒரே நாளில் நீங்கிவிடவில்லை, படிப்படியாகக் குறைந்தது. இன்றும் இரவு ரயிலின் கூவல் கேட்டால் அவள் தாயின் கையைப் பற்றிக்கொள்வதுண்டு. கதையும் நிற்கவில்லை. அப்பாவிடம் பேசுவதும் நிற்கவில்லை. இதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் பெற்றோருள் ஒருவரை இழந்த 70 குடும்பங்களைச் சேர்ந்த 125 சிறாரை ஆராய்ந்தபோது, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தவரோடு தாம் பேசுவதாகக் கூறினர். இறந்தவர் வரமாட்டார் என்று அறிந்திருப்பதும், அவரோடு மனத்துள் உறவு கொண்டிருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. திதி நாளில் நாம் செய்வதும் அதுவேயன்றோ?

தாய்நாட்டுக்குள்ளேயே வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. குழந்தை பள்ளியில் ஆங்கிலம் பேசுகிறது; தெருவில் தெலுங்கோ இந்தியோ மராத்தியோ பேசுகிறது. அப்பா அதனைக் கொஞ்சிய மொழி தமிழ். அந்த மொழியில் அவரைப் பற்றிப் பேச வீட்டுக்கு வெளியே ஆள் இல்லை. வீட்டிலும் எவரும் பேசாவிட்டால், அந்நினைவுகள் வழங்காத மொழி போல மங்கிவிடும். ஆகவே ஊரில் உள்ள பாட்டி, அத்தை, சித்தப்பா ஆகியோர் தொலைபேசியில் அவரைப் பற்றிக் கதை சொல்லட்டும். சிறு வயதில் அவர் செய்த குறும்பு, விரும்பி உண்ட பண்டம், எழுதிய கையெழுத்து என எல்லாம் சொல்லத்தக்கனவே.

செய்யத்தக்கவை மிகச் சில. சாவைத் தெளிந்த, எளிய சொல்லால் சொல்லுதல் வேண்டும். உணவு, உறக்கம், பள்ளி ஆகிய அன்றாட ஒழுங்கு மாறாமல் காத்தல் வேண்டும். வெளியே செல்கையில் திரும்பும் நேரத்தைச் சொல்லி, அந்நேரத்தில் திரும்புதல் வேண்டும். குழந்தையின் கதைக்கு நாம் முடிவு கட்டுதல் கூடாது. நீதி புகட்டுதலும் கூடாது. ‘இதற்கு என்ன பொருள்?’ என்று துருவுதலும் கூடாது. ‘அப்புறம்?’ என்ற ஒரு சொல் போதும்.

சில வேளைகளில் வீட்டாரின் அன்பு மட்டும் போதாது. பல மாதங்களாகியும் உறக்கமின்மை நீடித்தால், பள்ளி செல்ல அடியோடு மறுத்தால், ஆட்டமோ கதையோ ஒரே இடத்தில் சுழன்றால், தானும் இறந்தவரிடம் போக வேண்டும் என்று குழந்தை கூறினால், தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எம்மாநிலத்திலிருந்தும் அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

பாட்டிமார் கதை சொல்லும்போது, ‘உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும்’ என்பார்கள். கேட்பவர் விழித்திருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். துயருற்ற குழந்தை இருட்டில் தனியே கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம் விழித்திருக்கிறோம் என்பதை அதற்குத் தெரிவிக்க ஒரு ‘உம்’ போதும்.